வாடை வரும் திசையிலிருந்து

தம்பிக்கு,

நீ அனுப்பின எட்டுமூலைப் பட்டத்தின் படம் கிடைத்தது. வடிவாக வந்திருக்கிறது, நெஞ்சில் கட்டுகிற முச்சை நூலும் சரியாக விழுந்திருக்கிறது போல, ஆனால் காற்றில் கூவுகிற அந்த வில், விண், எங்கே? அம்மாவுக்கு நித்திரை வராது என்று கழற்றிவிட்டாயோ? எனக்கென்றால், இரவில் பட்டத்தை முற்றத்துப் பனையில் கட்டிவிட, விடிய விடிய அது மேலே நின்று கூவிக்கொண்டிருக்க, அதைக் கேட்டால்தான் நித்திரையே வரும். டெல்லிக்கு வந்து ஒன்றரை வருடமாகிவிட்டது, இன்னும் சில இரவுகளில் காது அதைத் தேடுகிறது.

இங்கே வாடை என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. போன மாதம் ஒருநாள் விடியப்புறம் யன்னலைத் திறந்துவிட்டு "மாமி, வாடை தொடங்கிவிட்டது" என்றேன். வீட்டுக்கார மாமி கும்பகோணத்து ஆள், மயூர் விஹாருக்கு வந்து முப்பது வருடம். நேரே குசினிக்குப் போய்க் குப்பைக் கூடையைத் திறந்து பார்க்கிறார்! அவருக்கு வாடை என்றால் நாற்றம். வடக்கிலிருந்து வருகிற காற்று என்று நான் விளங்கப்படுத்த, "அடி, அதைக் குளிர்காத்துன்னு சொல்லேன்" என்று சிரிசிரியென்று சிரித்தார். கச்சான் கதை இன்னும் மோசம். மட்டக்களப்புப் பக்கம் மலையிலிருந்து இறங்கி வந்து சுடுகிற காற்றும் கச்சான், நாங்கள் கொறிக்கிற நிலக்கடலையும் கச்சான் என்றால், நான் பகிடி விடுகிறேன் என்றே நினைக்கிறார்.

பேர் வைக்கிறதில் இந்த ஊர்க்காரரும் சளைத்தவர்கள் இல்லை. மே, ஜூனில் மேற்கே பாலைவனப் பக்கமிருந்து வருவது லூ. பேர் ஓரெழுத்துத்தான், ஆனால் 45 டிகிரியில் அது அடிக்கும்போது பத்து நிமிடம் பஸ்ஸுக்கு நின்று பார், அடுப்புக்குள் முகத்தை வைத்த மாதிரி இருக்கும். மாமி என் பைக்குள் ஒரு வெங்காயத்தை வைத்துத்தான் வெளியே விடுவார், திரும்பி வந்ததும் மாங்காய்ச் சர்பத். அப்புறம் ஆந்தி: பின்னேரம் திடீரென்று வானம் மஞ்சளாகி, புழுதி எழும்பி, கதவெல்லாம் படார் படாரென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் ஊரே குளிர்ந்துவிடும். கிழக்கிலிருந்து வருவது புர்வா. அது வீசினால் பழைய காயமெல்லாம் வலிக்கும் என்பார்கள். எங்கள் கீழ்க்காற்றான கொண்டலைப் பற்றி அப்படி யாரும் சொல்லி நான் கேட்கவில்லை, எதற்கும் அப்பாவின் முழங்காலைக் கேட்டுப் பார்.

காற்றே இல்லாத நாட்கள்தான் கொடுமை. நவம்பரில் ஓர் இலை அசையாது. கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும், அதற்குள் வாகனப் புகையும் பக்கத்து மாநிலங்களில் அறுவடை முடிந்து வயலில் மிஞ்சின தாளை எரிக்கிற புகையும் அகப்பட்டுக்கொள்ளும். காலையில் எழும்பினதும் எல்லோரும் போனில் காற்று மாசின் எண்ணைப் பார்ப்பார்கள். 50க்குள் என்றால் நல்லது, 400ஐத் தாண்டினால் மகா மோசம். ஒரு காற்று வீசாதா என்று ஊரே காத்திருக்கும். முகமூடி போட்டுக்கொண்டு நான் எப்படிக் குழல் ஊதுகிறது, சொல்லு!

குழல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரில் நான் பழகியது எட்டுத் துளை, இங்கே பான்சுரிக்கு ஆறுதான், ஆனால் சரியான நீளம், விரல் எட்டாது. குருஜி முதல் மாதம் ஒரு ராகமும் தரவில்லை. விடியற்காலையில் கீழ் ஸாவை மட்டும் நீட்டி ஊதச் சொன்னார், எனக்கு வந்த கோபம்! குளிரில் குழலின் சுருதி வேறு இறங்கிவிடும், தம்புராவோடு சேராது, முதலில் மூச்சால் சூடாக்க வேண்டும். அப்படி ஊதிக்கொண்டிருந்த ஒருநாள் ஸா நடுங்கி, கொஞ்சம் அறுந்து, திரும்பவும் வந்தது. அச்சொட்டாக விண். நான் அப்படியே நிறுத்திவிட்டேன். ஏன் என்று குருஜி கேட்டார். என் அரைகுறை ஹிந்தியில் பட்டம், நூல், இரவு என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னதில் பட்டம் மட்டும்தான் அவருக்கு விளங்கியது. பழைய டெல்லி லால் குவானில் வாங்கலாம் என்றார்! ஆகஸ்ட் 15க்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வானம் நிறையப் பட்டம், ஆனால் சின்னக் கடதாசிப் பட்டம், வாலும் இல்லை, சத்தமும் இல்லை, ஒன்றை ஒன்று அறுக்கிறதுதான் விளையாட்டு. நாங்கள் ஒரு பட்டத்தை இரவு முழுக்க மேலே விட்டு வைப்போம் என்றால் யாரும் நம்பவில்லை.

சங்கப் பாட்டு நெடுநல்வாடை ஞாபகமா? 188 அடியில் எனக்குப் பிடித்தது ஓரிடம்தான். பாசறையில் வாடை அடிக்க அடிக்க விளக்குகளின் சுடரெல்லாம் தெற்கே சாய்ந்து எரியும் என்பார் நக்கீரர். நேற்று இரவு கரண்ட் போய் மாமி மெழுகுதிரி கொளுத்தினார். வடக்கு யன்னலின் இடுக்கால் காற்று வந்தது. சுடர் உங்கள் பக்கம் சாய்ந்தது. மாமி எழும்பி இடுக்கில் பழந்துணியை அடைத்துவிட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, ஒரு வேலை செய். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போவாய்தானே, அதற்கு முதல் விண்ணைப் பூட்டி ஓர் இரவு வீட்டில் ஏற்று. சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பு, பத்து நிமிடமாவது வேண்டும், குருஜிக்குப் போட்டுக் காட்டப்போகிறேன். போனைத் துணியால் சுற்றிப் பிடி, இல்லாவிட்டால் காற்றுத்தான் கேட்கும், விண் கேட்காது.

அக்கா