பெயர்ப் பலகை மாறும் அன்றே இணையப் பக்கமும் மாறட்டும்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஆட்சியரகங்களில் மாறுதல் ஆணைகளைத் தயாரிக்கும் பணியமைப்புப் பிரிவினருக்கும், தேசிய தகவலியல் மையத்தின் மாவட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நம் மாநிலத்தின் 38 மாவட்டங்களுக்கும் அரசு இணையதளம் இருக்கிறது. அவற்றில் அலுவலர்களின் பெயர், பதவி, தொலைபேசி எண் தரும் பக்கத்தைப் பற்றியது இந்த மடல். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், குடும்ப அட்டை என்று வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். 'பெறுநர்' என்று எழுதிய பிறகு அடுத்த வரியில் யாரைக் குறிப்பிடுவது என்று தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன்.

ஆட்சியரின் பெயரும் படமும் அவர் பொறுப்பேற்றதும் மாறிவிடுகின்றன. கீழே இறங்க இறங்க விவரம் பழசாகிறது. கோட்டாட்சியர் மாறிப் போயிருப்பார், அவர் பெயர் அங்கேயே இருக்கும். வட்டாட்சியர் இடத்தில் அவருக்கும் முன்னால் இருந்தவரின் பெயர் இருக்கும். தனி வட்டாட்சியர், வட்ட வழங்கல் அலுவலர், மண்டல துணை வட்டாட்சியர் ஆகியோரின் பணியிடங்களே பல பட்டியல்களில் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆட்சியரிடம் நேரடியாக ஆக வேண்டிய வேலை அபூர்வம். அவர்களுடைய காரியமெல்லாம் இந்தக் கீழ்ப் பணியிடங்களில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. இணையத்தில் கண்ட பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். "அந்த சார் மாறிப் போய் ரொம்ப நாள் ஆச்சும்மா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் யார் என்று பாட்டி கேட்கவில்லை. எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. தன் காரியம் முடிந்துபோனது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். உதவித்தொகையைக் கவனிப்பது சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் என்ற பணியிடம். அங்கே அன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாட்டிக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்கும் முதல் மாற்றம் இது: ஆளை வைத்துப் பட்டியல் போடாதீர்கள், பணியிடத்தை வைத்துப் போடுங்கள். அந்தப் பணியிடம் என்ன வேலையைச் செய்கிறது என்பது முதலில் வரட்டும், இப்போது அதில் இருப்பவரின் பெயர் அடுத்து வரட்டும். பழங்குடியினர் சாதிச் சான்றில் கையெழுத்திடுபவர் கோட்டாட்சியர். ஆதிதிராவிடர் சான்றுக்கு வட்டாட்சியர். பிற்படுத்தப்பட்டோர் சான்று துணை வட்டாட்சியர் அளவிலேயே கிடைத்துவிடும். பட்டா மாற்றத்தில் வட்டாட்சியர் போட்ட உத்தரவு சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இது 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நிலத் தகராறில் சிக்கியவர் இதைத் தெரிந்துகொள்வது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் இடைத்தரகரிடமிருந்து, அதுவும் பணம் கொடுத்து. 'வட்டாட்சியர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் போட்டு முடித்துவிடும் பக்கத்தால் இந்த ஏழை மனுதாரருக்கு ஒரு பயனும் இல்லை.

நான் கேட்பது சலுகை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 4(1)(பி), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்களைப் பதினேழு இனங்களாக வரிசைப்படுத்துகிறது. அலுவலர்களின் அதிகாரங்களும் கடமைகளும் இரண்டாவது இனம். அலுவலர், பணியாளர் விவரக் கையேடு ஒன்பதாவது. பொதுத் தகவல் அலுவலர்களின் பெயரும் பதவியும் பதினாறாவது. ஆண்டுதோறும் இவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. தகவலுக்காக மக்கள் இந்தச் சட்டத்தையே நாட வேண்டிய தேவை குறையும்படி, இணையம் உள்ளிட்ட வழிகளில் தானாகவே தந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 4(2). இந்தப் பிரிவு கடைப்பிடிக்கப்படுகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கும்படி மத்திய, மாநிலத் தகவல் ஆணையங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உத்தரவும் இட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை என்பது குறைந்தபட்சக் கடமை. வட்டாட்சியர்கள் அதைவிட வேகமாக மாறும் இடங்களில் ஆண்டுக் கணக்கு போதாது.

தேர்தல் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் பணியோடு தொடர்புடையவர்கள் சொந்த மாவட்டத்தில் இருக்கக்கூடாது, ஒரே மாவட்டத்தில் மூன்று ஆண்டு முடித்தவர்கள் நீடிக்கக்கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. வட்டாட்சியர்கள் கூட்டமாக மாற்றப்படுகிறார்கள். அந்த ஒரு வாரத்தில் இணையப் பக்கத்தில் இருக்கும் பெயர்களில் பெரும்பகுதி ஒருசேரப் பொய்யாகிவிடுகிறது. தேர்தல் முடிந்து மறுபடி மாறுதல் வரும்போது இன்னொரு முறை. பதவியில் ஆள் மாறுவது நிர்வாகத்தில் இயல்பு, அதில் எனக்குக் குறையில்லை. மாறியதைச் சொல்லும் ஏற்பாடு மாறுதல் நடைமுறைக்குள்ளேயே இல்லாததுதான் குறை.

மாறுதல் செயல்முறை ஆணைகளின் அடியில் 'நகல்' என்று ஒரு பட்டியல் போடுவீர்கள். சம்பந்தப்பட்ட அலுவலருக்கு ஒன்று, கருவூலத்துக்கு ஒன்று, இருப்புக் கோப்புக்கு ஒன்று. அந்தப் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டுங்கள்: மாவட்ட இணையதளப் பொறுப்பாளருக்கு ஒன்று. பெயரை மாற்ற வேண்டியது ஆணை வந்த நாளில் அல்ல, பொறுப்பு ஒப்படைத்து ஏற்றுக்கொண்ட சான்று வந்த நாளில். ஆணை வந்த பிறகு விடுப்பில் போகிறவர்களும், தடை வாங்கி நின்றுவிடுகிறவர்களும் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னும் எளிய வழியும் இருக்கிறது. அரசு ஊழியர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை முறை வழியாகத்தான் போகிறது. எந்தப் பணியிடத்தில் யார் என்று தெரியாமல் சம்பளப் பட்டியல் ஓடாது. அரசிடம் விவரம் இருக்கிறது, புதிதாகவும் இருக்கிறது. அதிலிருந்து பெயரும் பதவியும் மட்டும் மாவட்டத் தளத்துக்கு வந்து சேரும்படி தகவலியல் மையம் வழி செய்தால், ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்யும் வேலையும் ஊழியருக்கு மிச்சமாகும்.

கூடுதல் பொறுப்பையும் காட்டுங்கள். ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துப் பார்ப்பது இன்று சாதாரணம். பூட்டிய அலுவலகத்தின் முன் நிற்பவருக்கு, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தால் பாதி அலைச்சல் போய்விடும். காலியிடம் என்றால் காலியிடம் என்றே போடுங்கள். பக்கத்தில் பொறுப்பு வகிப்பவரின் பெயரையும் போடுங்கள்.

இனி ஊழியர்களின் பக்கம். விவரத்தை வெளியிடு என்று கேட்கிற நான், எதை வெளியிடக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதை மறந்துவிட்டு யாரும் இந்தப் பட்டியலைத் தயாரிக்கக்கூடாது. வீட்டு முகவரி வேண்டாம். சொந்தக் கைபேசி எண் வேண்டாம். கிராம அளவில் பணிபுரிகிறவர்களின், முக்கியமாகத் தனியாக ஊருக்குள் போய்வர வேண்டிய பெண் அலுவலர்களின் புகைப்படம் வேண்டாம். அரசு, பதவிக்கென்று சியுஜி எனப்படும் அலுவலகக் கைபேசி எண் ஒன்றை வட்டாட்சியர்களுக்குத் தந்திருக்கிறது. ஆள் மாறினாலும் அந்த எண் நாற்காலியோடு இருக்கும். அது போதும். அப்படி எண் இல்லாத பணியிடங்களுக்கு அலுவலகத் தரைவழி எண்ணைப் போடுங்கள். சொந்த எண்ணைப் பட்டியலில் போட்டதால் மாறிப் போன பிறகும் ராத்திரியில் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது என்று ஓர் அலுவலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். பட்டியலைப் புதுப்பிக்காததால் நஷ்டப்படுவது மக்கள் மட்டுமல்ல.

இன்னும் சில. பட்டியலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றாதீர்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது, தேடினாலும் அகப்படாது. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள் 2009 முதல் இருக்கின்றன, 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. எல்லோருக்கும் எட்டும்படி பக்கம் இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. மின்னஞ்சல் முகவரியில் குறிகளுக்குப் பதிலாக அடைப்புக்குள் 'அட்', 'டாட்' என்று எழுதுகிறீர்கள். குப்பை அஞ்சலைத் தடுக்கத்தான் என்பது எனக்குப் புரிகிறது. அதை அப்படியே தட்டிவிட்டு, போகவில்லையே என்று கேட்கிறவர்களுக்குப் புரிவதில்லை. பதிலாக ஒரு படிவம் வைக்கலாம். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்துகிற அன்றே தமிழ்ப் பக்கத்தையும் திருத்துங்கள், எங்கள் ஊரில் திறக்கப்படுவது தமிழ்ப் பக்கம். கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனுக்களும் வாங்கும் ஜமாபந்திக்கு எந்த வட்டத்தில் எந்த அலுவலர், எந்தத் தேதியில் எந்தப் பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) என்று ஒவ்வொரு ஆண்டும் நீங்களே தெளிவாகப் பட்டியல் போட்டு அறிவிக்கிறீர்கள். அந்தப் பட்டியலை நம்பி ஜனங்கள் மனுவோடு வருகிறார்கள், அலுவலரும் அங்கே இருக்கிறார். இதைச் செய்கிற அலுவலகத்தால் அதையும் செய்ய முடியும். அடுத்த ஜமாபந்தி அறிவிப்போடு சேர்த்து, உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு வட்டத்துக்காவது பணியிட வாரியான பட்டியலை வெளியிட்டுப் பாருங்கள். அதில் எந்த வேலைக்கு எந்தப் பணியிடம் என்ற பகுதியை எளிய தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால், மாவட்டந்தோறும் என்னைப் போல மனு எழுதுகிறவர்கள் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஊரில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்