பாடத்தை வெட்டிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

காசிமேட்டில் உன் வீதி நாடகம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "இது நாடகமா, பிரச்சாரமா?" என்று கேட்டார். போதனையாகத் தெரியும் எல்லாவற்றையும் வெட்டப் போவதாக அன்றிரவே எனக்குச் செய்தி அனுப்பினாய். வெட்டாதே.

சொல்லிக்கொடுப்பது எழுத்துக்கு இழுக்கென்று நம் முன்னோர் நினைக்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கின் 18 நூல்களில் 11 அறநூல்கள். நம் தெருக்களில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவும் நிலையாமையைத்தான் சொல்கிறது. உபதேசம் என்று யாரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. பாடுகிறவனும் அந்தத் தெருக்காரன். உடல் கண்ணெதிரே கிடக்கிறது.

ஏழுகிணற்றில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் 1854-இல் 'மனுமுறை கண்ட வாசகம்' எழுதினார். கன்றை இழந்த பசு மணியடித்த கதைதான். செய்யக்கூடாத பாவங்கள் அதில் நீண்ட வரிசையாக வருகின்றன. வேறொருவர் கையில் அது 'செய்யாதே, செய்யாதே' என்று போயிருக்கும். இங்கே சொல்வது, தன் மகன் தேர்க்காலில் கன்று மாண்டதைக் கேட்டுத் துடிக்கும் அரசன். "நல்லோர் மனத்தை நடுங்கச் செய்தேனோ" என்று தன்னையே கேட்கிறான். அந்த ஓகாரம்தான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. படித்து முடிப்பதற்குள் நானும் என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.

உன் நாடகத்தில் இடறுவது கடைசி மூன்று நிமிடம் மட்டுமே. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைக் காட்டிவிட்டு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து "ஆகவே மக்களே" என்கிறார். அவர் கையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

ஆனால் ஆயா பேத்திக்கு இறால் தடவக் கற்றுக்கொடுக்கும் காட்சி! சேற்றில் மெல்லக் கைவிட்டுத் துழாவி, அகப்பட்டதை வாயில் கவ்விய பறிக் கூடைக்குள் போடுகிறாள். பறி வாயில் இருப்பதால் பேச முடியாது. பேத்தியின் கையைப் பிடித்துச் சேற்றுக்குள் வைக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி தன் விரல்களை அப்படியே அசைத்துப் பார்த்தாள். அதுவும் பாடம்தானே, தம்பி?

அந்த மூன்று நிமிடத்தை ஆயாவிடம் கொடு. எண்ணெய் படிந்த கையைப் பார்த்து அவள் கேட்கட்டும்: "இந்தத் தண்ணியில இனிமே உன்ன எறக்குறதா வேணாமா?"

அடுத்து எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் போடு. இறால் தடவுகிறவர்களை முன்னால் உட்கார வை. ஆயா கை வைக்கும் விதம் தப்பென்றால் அவர்களே எழுந்து வந்து காட்டிக்கொடுப்பார்கள். தேதி சொல், வருகிறேன்.

அன்புடன்,
அக்கா