வெள்ளத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று பிறகு பேப்பரில்தான் படித்தோம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை மீறியது. மேட்டில் நிற்கும் கோயிலும் பாரிஷ் ஹாலும் தப்பின. சபையார் என்றில்லை, தெருவே அங்கு வந்து ஏறியது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, ரோடும் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் நன்றி எங்கள் அம்மாமாருக்கு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிறுதோறும் கோயிலில் கொண்டுவந்து படைத்த பிடி அரிசி, ஏலம் போடாமல் மூட்டையாகக் கிடந்தது. அன்று எல்லாருக்கும் கஞ்சி அதில்தான். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் கலந்ததால் ஒன்று குழைந்தது, ஒன்று நறுக்கென்று நின்றது. குறை சொன்னவர் யாருமில்லை. கோயில் விருந்தான அசனத்துக்குப் பந்தி பரிமாறுகிற தம்பிமார் அதே பழக்கத்தில் வரிசையாக உட்காரவைத்து ஊற்றினார்கள்.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் வள்ளம் ஏற்றிவந்த மீனவச் சகோதரர்களே, நீங்கள் ஆர்.சி. (கத்தோலிக்கர்), நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்பது வயதானவர்களைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றும்போது யாருக்கும் நினைவில்லை. டீசலுக்குக் காசு நீட்டியபோது கோபப்பட்டுவிட்டீர்கள். அதற்கு மன்னிக்கவும். பெந்தெகொஸ்தே சபைத் தம்பிமார் கோயிலைச் சுற்றிப் படிந்த சேற்றை மண்வெட்டியால் வழித்துத் தள்ளினார்கள். அவர்கள் பாஸ்டரும் எங்கள் குருவானவர் ஐயரும் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனதை ஊரே பார்த்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஸ்டாரும் இல்லை, சீரியல் செட்டும் இல்லை. மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் கேரல் ரவுண்டுக்கு ஒதுக்கியிருந்த பணத்தைப் பாய், போர்வை, பாடப்புத்தகம் என்று வாங்கி அனுப்பினார்கள். வாழை முழுக்கச் சாய்ந்து நின்ற ஒரு விவசாயியும் காணிக்கைத் தட்டில் நோட்டு வைத்தார். “உங்களுக்கே நாங்க தரணுமே அண்ணாச்சி” என்றதற்கு, “அது வேற, இது வேற” என்று போய்விட்டார். கொடிய தரித்திரத்திலும் எருசலேமுக்குக் கொடுத்த மக்கெதோனியா சபைகளைப் பற்றிப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆயிரத்தொன்று கொடுத்தால் மைக்கில் பெயர் வரவேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டுவதும் பாதி அந்த மைக்குக்காகத்தான். இந்த முறை நோட்டுப் புத்தகத்தை நீட்டினால், “ஊர்க்காரன்னு எழுதுங்க” என்றார்கள். இந்த மடலில் ஒரு பெயரும் இல்லாதது அதனால்தான். யாரும் மனஸ்தாபப்பட வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு கோயில் வாசல் போர்டில் ஒட்டியிருக்கிறது. மிச்சப் பணத்தில் கீழத்தெருவில் சுவர் விழுந்த வீடுகளுக்குச் செங்கல் இறக்கியாகிவிட்டது. வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடா, மற்றவர் வீடா என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. நிவாரணச் சாமான் வந்த லாரியில் இரண்டு பெரிய அண்டாவும் ஒரு சாரணிக் கரண்டியும் இங்கேயே தங்கிவிட்டன. பாரிஷ் ஹாலில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். வருகிறவர்கள் அசனத்தன்று வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

கர்த்தருக்குள் தங்கள்,
சபைச் செயலாளர்