மரீ ஊர்க்காரர்களுக்கு, இரண்டு டயர் கிழிந்த குடும்பத்திடமிருந்து

அன்புள்ள மரீ ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். போன ஜூலை பள்ளி விடுமுறையில் அடிலெய்டிலிருந்து வெள்ளைக் காரில், தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவன ஊரான உங்கள் மரீக்கு வந்து, ஒரு ராத்திரி தங்குவதாகச் சொல்லி நான்கு ராத்திரி தங்கிவிட்டுப் போன குடும்பம் நாங்கள். என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. என் அம்மாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சேலைக்கு மேல் என் பழைய ஜெர்கின், காதைச் சுற்றி மஃப்ளர், கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்துவிட்டு, அவர்கள் கடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர்தான்.

இதை எழுதச் சொன்னதும் அவர்தான். கோவில்பட்டிக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் அதே பேச்சு: "வாயால தேங்க்ஸ் சொன்னா தீந்துச்சாய்யா? எழுதிப் போடு." சரி என்று உட்கார்ந்தேன். பாதி அவர் சொல்லச் சொல்ல எழுதியது என்பதால் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மாற்றி உங்கள் ஓட்டலுக்குத் தபாலில் அனுப்புகிறேன். தமிழை இங்கேயே விட்டுவைக்கிறேன், அந்தப் பக்கம் கிளம்பும் நம்மவர்கள் நாலு பேர் படிக்கட்டும்.

முதல் நன்றி, பெயர் கேட்கக்கூட மறந்துபோன ஒருவருக்கு. ஊட்னடட்டா பாதை என்ற சரளைச் சாலையில், உங்கள் ஊருக்கு மேற்கே, மாலை நாலரை மணிக்கு எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தியவருக்கு.

நடந்தது இதுதான். அன்று காலை முட்டோனியா சிற்பப் பூங்காவைப் பார்க்கப் போயிருந்தோம். ராபின் குக் என்ற மெக்கானிக் பழைய இரும்பைக் கொண்டு செய்து வைத்த உலகம் அது. இரண்டு விமானங்களை வால் மண்ணில், மூக்கு வானத்தில் என்று செங்குத்தாக நட்டு வைத்திருக்கிறார். ரயில்வேத் தண்ணீர்த் தொட்டி ஒன்று பெரிய நாயாகி நிற்கிறது. சுற்றிலும் ஆள் கிடையாது, காற்று மட்டும்தான். என் மகள் நாயைவிட்டு நகரவே இல்லை. அங்கிருந்து இன்னும் மேற்கே போய், சாலையோரத்தில் நின்று ஏரியின் தென்பகுதியைப் பார்த்தோம். கட்டி தண்டா என்பது அரபானா மக்கள் வைத்த பெயர், ஏர் ஏரி என்பது வரைபடக்காரர்கள் வைத்தது. ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம், கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வெள்ளை உப்புதான். "இதுக்கு எங்க ஊர் கண்மாயே தேவலை" என்றார் அம்மா. ஆனாலும் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது முதல் டயர் போனது. ஸ்டெப்னியை மாட்டிப் பதினைந்து கிலோமீட்டர் வந்திருப்போம், இன்னொன்றும் கிழிந்தது. பஞ்சர் என்றால் ஒட்டலாம், இது பக்கவாட்டில் கத்தி வைத்த மாதிரி. அந்தப் பாதையின் கூர்க்கற்கள் அப்படி. "இந்த டயர் எங்கே வேண்டுமானாலும் போகும்" என்று எனக்கு விற்றவர் சொல்லியிருந்தார். போனது, உண்மைதான். சரளையில் இறங்கும்போது காற்றைக் குறைத்து, வேகத்தை எண்பதுக்குள் வைக்க வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அங்கே வெளிச்சம் போனதும் குளிர் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒரு யூட் வண்டி (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள சின்ன வண்டி) எதிர்த் திசையிலிருந்து வந்தது. வந்தவர் "என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை, முதலில் "தண்ணீர் இருக்கிறதா" என்று கேட்டார். அப்புறம் குனிந்து டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குத் தனி நன்றி.) மணலில் என் ஜாக்கி புதைந்துகொண்டே போக, தன்னுடையதை எடுத்து, அடியில் ஒரு பலகையை வைத்துத் தூக்கிப் பார்த்தார். அவர் சக்கரம் என் வண்டிக்குப் பொருந்தவில்லை. உடனே தான் வந்த வழியே வண்டியைத் திருப்பி, நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு மரீ ஓட்டல் வாசலில் இறக்கினார். பணம் நீட்டினேன். கையை மட்டும் ஆட்டினார். அம்மா நீட்டிய கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டு, மறுபடி இருட்டில் மேற்கே போனார்.

அன்று ராத்திரி சமையலறை மூடிய பிறகும் அடுப்பைப் பற்றவைத்து, முட்டையில்லாமல், இறைச்சியில்லாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து, உருளைக்கிழங்கும் தக்காளிச் சாறும் கொடுத்த ஓட்டல் பெண்ணுக்கு நன்றி. அம்மா அந்தச் சாற்றில் ஊறுகாயைக் கலந்ததைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் எல்லாவற்றிலும் கலப்பார்.

மறுநாள்தான் அம்மாவின் பிரஷர் மாத்திரையை வழியில் தங்கிய விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. தொலைதூர ஊர்களுக்கு விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கும் பறக்கும் மருத்துவர் சேவை நடத்தும் உங்கள் சின்ன மருத்துவமனையின் நர்ஸ், பிரஷர் பார்த்து, டாக்டரிடம் தொலைபேசியில் பேசி, நான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். சுகம் விசாரிக்க அன்று மாலையே ஓட்டலுக்கும் வந்துவிட்டார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை.

டயருக்கு வருகிறேன். என் அளவு ஊரில் இல்லை. போர்ட் அகஸ்டாவிலிருந்து சரக்கு லாரியில் வரவேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார் ரோட்ஹவுஸ் (சாலையோரப் பெட்ரோல் பங்கும் கடையும்) காரர். நடுவழியில் நின்ற என் காரை அவரே போய் இழுத்து வந்தார். அதற்கு வாங்கிய பணத்தை அடிலெய்டில் சொன்னால் யாரும் நம்பவில்லை, அவ்வளவு குறைவு.

அந்த இரண்டு நாள் இல்லாமல் போயிருந்தால் மரீயை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். பெட்ரோல் போட்டு, ஒரு படம் எடுத்து, கிளம்பியிருப்போம்.

நூறு பேர் வரை வாழும் ஊரில் இவ்வளவு இருக்கும் என்று யார் நினைப்பார்? ஏர் ஏரிப் படகுச் சங்கம் என்ற பலகையைப் பார்த்து, கேலிக்கு வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தேன். நிஜமான சங்கமாம். வடக்கே குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை ஆறுகளில் இறங்கி எப்போதாவது ஏரிக்கு வரும், அப்போது படகு விடுவார்களாம். வராத வருடங்களில் காத்திருப்பார்களாம். சிரித்ததற்கு மன்னிக்கவும்.

அஞ்சல் லாரி ஓட்டிய டாம் குரூஸைப் பற்றிச் சொன்னபோது என் மனைவி நடிகர் என்றே நினைத்துவிட்டாள். 1936 முதல் இருபது வருடத்துக்கும் மேலாக, மரீயிலிருந்து வடக்கே போகும் பேர்ட்ஸ்வில் பாதையில், 500 கிலோமீட்டருக்கு மேல், மணல்மேட்டையும் வெள்ளத்தையும் தாண்டித் தபாலும் மளிகையும் சுமந்தவர். அவருடைய லேலண்ட் பேட்ஜர் லாரி பேர்ட்வுட் மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். இத்தனை வருடம் போனதில்லை, இப்போது போய்வந்தோம்.

'மரீ மனிதன்' படத்தை ஓட்டல் சுவரில்தான் பார்த்தோம். 1998இல் விமானி ஒருவர் மேலிருந்து கண்டுபிடித்த, இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மனித உருவம், நிலத்தில் கீறியது. யார் கீறியது என்று இன்றுவரை தெரியாது. ஊரில் நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு பதில். நான்கும் ரகசியமாகச் சொல்லப்பட்டவை, அதனால் எழுதவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பக்கம். அவர் போய் நின்றது பழைய ரயில் நிலையத்தில். அவருடைய அப்பா ரயில்வேயில் கேங்மேன். துருப்பிடித்து நின்ற டீசல் எஞ்சின்களைத் தொட்டுப் பார்த்தார். 1957இல் தெற்கேயிருந்து ஸ்டாண்டர்ட் கேஜ் என்ற, அகலம் கூடிய பாதை மரீ வரை வந்தது, வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குறுகிய பாதைதான், ஆகவே எல்லாரும் எல்லாச் சரக்கும் இங்கே இறங்கி வண்டி மாற வேண்டும் என்று ஒரு பெரியவர் விளக்கினார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது: "திருச்சியில மீட்டர்கேஜு மாறுவோம்ல, அதான்." 1980இல் புதிய பாதை மேற்கே வேறு வழியாகப் போனது, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போகும் கான் என்ற ரயில் இந்தப் பக்கம் வருவது நின்றது. ஒருமுறை வெள்ளத்தில் அந்த ரயில் இரண்டு வாரம் சிக்கிக்கொள்ள, டிரைவர் காட்டு ஆடுகளைச் சுட்டுப் பயணிகளுக்குச் சோறு போட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெரியவர் அதைத் தானே கூட இருந்த மாதிரி சொன்னார்.

ரயிலுக்கும் முன்னால் ஒட்டகங்கள். ஒட்டகத்தில் சரக்கு சுமந்த எல்லாரையும் 'ஆப்கானியர்' என்று ஒரே பெயரில் அழைத்தார்கள், ஆனால் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப் என்று அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடி மக்களும் என்று ஊரே இரண்டாக இருந்திருக்கிறது. லாரிகள் வந்ததும் பிழைப்பு போய், பலர் ஒட்டகங்களைச் சுடாமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அவர்களுடைய பழைய பள்ளிவாசலின் மாதிரியாகக் கட்டிய மண்சுவர்க் கூடத்துக்கு எங்களை அழைத்துப்போன பாட்டிக்கு நன்றி. தன் தாத்தா ஒட்டகத்தோடு கப்பலில் வந்தவர் என்றார். அவர்கள் நட்ட பேரீச்சை மரங்களைக் காட்டினார். இரண்டு கிழவிகளும் அந்த நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் தள்ளி நின்றேன்.

மூன்றாம் நாள் டயர் வந்தது. நான்காம் நாள் காலை கிளம்பினோம். ரோட்ஹவுஸ் காரர் வாசலில் வந்து, காற்று எவ்வளவு இருக்கிறது என்று என்னைச் சொல்லவைத்துத்தான் விட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊட்னடட்டா பாதையில் எங்களை ஏற்றிக்கொண்டவர் அவசரத்தில் தன் ஜாக்கியை எங்கள் காருக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார். காரை இழுத்து வந்தபோது அதுவும் எங்கள் டிக்கியில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். பச்சை நிறம், கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். அம்மா அதைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். ஆளைத் தெரிந்தவர்கள் ஓட்டலில் சொல்லி வையுங்கள். அடுத்த விடுமுறையில், காற்றைக் குறைத்துக்கொண்டு, கொண்டுவந்து கொடுக்கிறோம்.

அன்புடன்,
கடலைமிட்டாய் அம்மாவின் மகன்