எரிபந்தம்: புள்ளி விழும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான எரிபந்தம் வந்தால், இலையில் சாம்பல் புள்ளியைக் கண்ட பிறகுதான் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அதற்குள் பூஞ்சை பயிருக்குள் புகுந்து நாலைந்து நாளாகியிருக்கும்.

அது புகும் விதத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். காற்றில் வரும் பூஞ்சையின் வித்தி (விதை போன்ற நுண்துகள்) ஈர இலையில் ஒட்டி முளைத்து, கருநிறச் சுவருள்ள சிறு குமிழை உண்டாக்குகிறது. அதற்குள் கிளிசரோலைச் சேர்த்து நீரை உறிஞ்ச, அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடச் சுமார் 40 மடங்கு வரை ஏறுகிறது. அந்த விசையில் ஒரு முளை இலைத்தோலைத் துளைக்கிறது. அப்புறம் நடப்பதுதான் பெரிய விஷயம். நெல்லும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சைச் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளின் துணுக்குகளை உணர்ந்து எதிர்ப்பைத் தொடங்கும். பூஞ்சையோ ஒரு புரதத்தைச் சுரந்து அந்தத் துணுக்குகளையே மறைத்துவிடுகிறது!

நோய் எதிர்ப்புள்ள இனமும் நிரந்தரக் காவல் இல்லை. அது பூஞ்சையின் குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டே தடுக்கிறது. பூஞ்சை அதை மாற்றிக்கொண்டால் இனம் தோற்றுவிடும். வட்டை முழுக்க ஒரே இனத்தைப் போகத்துக்குப் போகம் விதைப்பது இதனால்தான் ஆபத்து. யூரியாவை அள்ளி எறிவதும் நோய்க்கே உதவுகிறது. கதிர்க்கழுத்தில் பிடித்துவிட்டாலோ, மணி பதர்தான்.

மார்கழி, தையில் மப்பும் பனியும் தொடரும்போதே விவசாயப் போதனாசிரியர்கள் வயலுக்கு வர வேண்டும். விதை நெல் வழங்கும்போது, ஒரு வயற்கண்டத்துக்கு இரண்டு மூன்று இனங்களாவது கிடைக்கச் செய்யுங்கள் என அதிகாரிகளை வேண்டுகிறேன்.

– ஒரு விவசாயி,
படுவான்கரை, மட்டக்களப்பு