போகியில் எரிக்கவும் வேண்டாம், மார்கழியில் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போகி நெருங்கிவிட்டால் சென்னைத் தெருக்களில் இரண்டு வேலைகள் நடக்கும். ஒரு வீட்டில் காலாடும் நாற்காலியையும் கட்டில் சட்டத்தையும் எரிப்பதற்காக வாசலில் கொண்டுவந்து போடுவார்கள். பக்கத்து வீட்டில், பொங்கலுக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பீரோவுக்கும் அலமாரிக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் அடிப்பார்கள். எரிப்பது பெருந்தவறு. அவசரமாக அடிப்பதும் தவறுதான். இன்று அப்படி அடித்த சாமான்தான் உரிந்து, பல்லிளித்து, அடுத்த போகிக்கு வாசலுக்கு வருகிறது.

எரிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவை, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய எனாமலில் (மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட்), முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் கலந்து தெருப் பிள்ளைகளிடமே போய்ச் சேரும். இதே காரணத்துக்காக, பழைய பெயின்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவும் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் துடைத்துக் கட்டிப் போட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

மார்கழி ஏன் ஆகாது? எனாமலில் முதலில், அதை இளக்கிவைக்கும் தின்னர் பறந்து போகிறது. அதற்குப் பிறகு பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் இரண்டும் தாமதப்படும். சாயங்காலம் அடித்துவிட்டு வராண்டாவில் விட்ட அலமாரியின் மேல் விடியற்காலைப் பனி இறங்கினால், மறுநாள் பளபளப்பு போய் மேகம் படிந்தது போலத் தெரியும். அது துடைத்தால் பெரும்பாலும் போகாது. நன்றாகக் காய்ந்த பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்) லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் அடிப்பதே நல்ல வழி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் ஸ்பிரிட் பாலிஷும், சீக்கிரம் உலரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் இன்னும் மோசம். தின்னர் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கதைதான்.

சென்னைக்கு ஏற்ற காலம் தை பிற்பாதியிலிருந்து பங்குனி முடியும் வரை. காலையில் ஒன்பது மணிக்கு மேல், மரத்தைத் தொட்டால் சில்லென்று இல்லாத நேரத்தில் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் பிரஷைக் கழுவிவிட வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால், பிரஷ் நகர்வதற்குள் பெயின்ட் இழுத்துக்கொண்டு கோடு கோடாக நிற்கும். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும்.

இனி, பெயின்ட் ஏன் உரிகிறது என்பதற்கு வருகிறேன். பத்தில் எட்டுச் சாமான்களில் குற்றம் பெயின்டில் இருக்காது, அடியில் இருக்கும் பிசுக்கில்தான் இருக்கும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் சாய்வு நாற்காலியில் தலை படும் இடத்தையும் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் இருப்பதைவிட ஒரு முழ அகலத்துக்குக் கருத்து, விரல் வைத்தால் வழவழவென்று இருக்கும். அதன் மேல் எனாமல் அடித்தால் பத்து நாள் கழித்தும் கைரேகை பதியும். ஒரு மழைக்காலம் போனால் அந்த இடம் மட்டும் தோல் போல உரிந்து வரும்.

எல்லோரும் முதலில் உப்புத்தாளை எடுக்கிறார்கள். அது எண்ணெயை மரத்துக்குள் இன்னும் அழுத்தித் தேய்த்துவிடும். கழுவுவதுதான் முதல் வேலை. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நாரால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டு, வெள்ளைத் துணியில் தின்னரைத் தொட்டுத் துடையுங்கள். துணி மஞ்சளாகாமல் வரும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் 120 நம்பர் தாள், பின்னால் 180. தேய்த்த மரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்துப் போல நின்றால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. பரவி ஊறினால் பிரைமர், அதாவது பெயின்டுக்கு அடியில் பூசும் முதல் கோட், பிடிக்கும்.

பூஜை அலமாரியைச் சோடாவால் கழுவும்போது மஞ்சள் கறை திடீரென்று செக்கச் சிவக்கும். பயப்பட வேண்டாம். சோடா பட்டால் மஞ்சளின் குணம் அது. இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் பெரும்பகுதி வெளுத்துவிடும். குங்குமச் சாயம் அப்படிப் போகாது, பெயின்டுக்கு மேலே ஏறி வரும். அதற்கும் தேக்கு, ஈட்டி, வேங்கை மரங்கள் கக்கும் சாயத்துக்கும் ஒரே மருந்து அரக்கு.

தேக்கு அலமாரிக்கு வெள்ளையோ சந்தன நிறமோ அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். சில நாளிலேயே டீ சிந்தியது போலப் பழுப்புத் திட்டுகள் வந்துவிடும். மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று அடித்துப் பயனில்லை. பிரைமருக்கு முன் அரக்கு இரண்டு கோட் பூச வேண்டும். 500 மி.லி. ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் செதில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கருத்துப்போகும். அதிலுள்ள மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுங்கள், மெழுகின் மேல் எந்தப் பெயின்டும் சரியாகப் பிடிக்காது. ஸ்பிரிட் குபீரென்று பற்றிக்கொள்ளும் என்பதால் அடுப்பும் விளக்கும் தள்ளியே இருக்கட்டும். அரக்குக் கோட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பெயின்டை எடுத்துவிட்டு மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், மரத்தின் நுண்துளைகளுக்குள் நிறம் இறங்காமல் அது தடுத்திருக்கும்.

அப்படி எடுக்கும் நிலையே வராமல் இருப்பது இன்னும் நல்லது. கடைசல் கால் உள்ள பர்மா தேக்குக் கட்டிலுக்கும் ஈட்டி மர மேசைக்கும் பெயின்ட் அடிப்பதை என் மனம் ஒப்பவில்லை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் காலின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். பழைய பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். கழுவி, திரும்பப் பாலிஷ் போட்டாலே பழைய அழகு வந்துவிடும். வேம்பு, மா, பலா, பல மரம் கலந்து செய்த சாமான், ப்ளைவுட் இவற்றுக்குத்தான் பெயின்ட் பொருத்தம்.

சன்மைக்கா ஒட்டிய அலமாரிக்குச் சாதாரண மர பிரைமர் பிடிக்காது. பிசுக்கு நீக்கி, 180 நம்பர் தாளால் பளபளப்பு முழுதும் சாகும் வரை தேய்த்து, வழுக்கும் பரப்புக்கென்று விற்கும் பிரைமரை அடித்து ஒரு நாள் விட வேண்டும். மேலே போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உள்கதவில் பிளேடால் நெடுக்கும் குறுக்கும் சின்னக் கட்டங்களாகக் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் எத்தனை விலை உயர்ந்த பெயின்டும் நிற்காது. திரும்பத் தேய்க்கத்தான் வேண்டும். வெள்ளத்தில் நின்று அடிப்பாகம் உப்பிய பார்ட்டிகிள் போர்டுக்கு எந்த வைத்தியமும் கிடையாது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்த கனமரச் சாமான்கள் பிழைத்தன என்றால், அவற்றை நிழலில் பொறுமையாக உலர்த்தியதே காரணம்.

மரத்தில் குண்டூசித் துளைகளும் அடியில் மாவு போன்ற புதுத் தூளும் இருந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, உயிரோடு இருக்கிறது. மரப்பூச்சி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துத் துளைக்குத் துளை ஏற்றி, நன்றாகக் காயவிட்ட பிறகே பட்டி வைத்துத் துளைகளை அடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த இடத்தில் பிரைமர் ஒட்டாது.

இரும்பு பீரோவுக்கு வருவோம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் துருவோடு உப்பும் சேர்ந்திருக்கும். துருவைக் கம்பி பிரஷாலும் 80 நம்பர் எமரித் தாளாலும் எடுத்தால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து உப்பை எடுக்காவிட்டால், அது பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகக் கிளம்பும். வெயிலில் உலர்த்தி, சூடு ஆறியதும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி தாண்டினால் திரும்பத் துரு பூக்கும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோவில் முன்புறம், இரு பக்கம், மேல்தட்டு சேர்த்துச் சுமார் 44 சதுர அடி வரும். அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் இரண்டு கோட்டுக்குத் தாராளம். கெட்டியாக ஒரே கோட் அடித்து முடிக்கப் பார்த்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும், செங்குத்துப் பரப்பில் வழிந்தும் ஓடும். மெல்லியதாக இரண்டு கோட், நடுவில் ஓர் இரவு, 320 நம்பர் தாளால் ஒரு தடவல் என்பதே முறை.

மேசை டிராயரின் பக்கங்களுக்கும் அது ஓடும் தடத்துக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். மாசியில் சரியாக ஓடும் டிராயர் ஐப்பசியில் மரம் உப்பி இறுகிவிடும். அங்கே மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். மேசைப் பலகைக்கு மேல்புறம் மட்டும் அடித்து அடிப்புறத்தை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். அடியிலும் ஒரு கோட் வேண்டும்.

பரணிலிருந்து இறங்கும் பழைய கொலு பொம்மைகளைத் தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பழைய மண் பொம்மையின் வண்ணமும் காகிதக்கூழ் பொம்மையின் உடலும் தண்ணீருக்குத் தாங்காது. மென்மையான உலர்ந்த பிரஷால் தூசி தட்டி, வண்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும் அக்ரிலிக் வண்ணம் தொட்டு வைத்தால் போதும். முகத்தைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பெயின்ட் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஈரப்பதத்துக்கு மேல் அடிக்கக் கூடாது, இரண்டு கோட்டுக்கு நடுவே எத்தனை மணி நேரம், முழுதும் இறுக எத்தனை நாள் என்ற மூன்றையும் டப்பாவின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மரச்சாமான் வேலைக்கு அரக்கும் வழுக்குப் பரப்பு பிரைமரும் கால் லிட்டர் டப்பாவில் எல்லாப் பேட்டைகளிலும் கிடைக்க வேண்டும். ஒரு நாற்காலிக்காக யாரும் நான்கு லிட்டர் வாங்க மாட்டார்கள். அவற்றை வாங்காமலேயே பெயின்ட் அடிக்கிறார்கள், உரிகிறது.

இந்த வாரம் வாசலுக்கு வந்த சாமானை உள்ளே எடுத்து, நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். மேலே பழைய வேட்டியைப் போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மாசி பிறந்ததும் சலவை சோடாவோடு தொடங்கலாம்.

இப்படிக்கு,
மரச்சாமான் பாலிஷ், பெயின்ட் வேலை செய்பவர்,
பெரம்பூர், சென்னை.