படிப்பகத்தின் பேஸ்புக் பக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு இந்த வருடம் வேண்டிய கொப்பிகளும் ஆசிரியர்களுக்கான கொடுப்பனவும் சேர்ந்துவிட்டன. காசு தந்தவர்களுக்குத் தனித்தனியே பற்றுச்சீட்டு அனுப்பியாகிவிட்டது. இந்த மடல், பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் எங்களுக்குப் பிடிபட வைத்தவர்களுக்கு.

முதல் நன்றி ரொறன்ரோ அக்காவுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கம் தொடங்கும்போது அவர் வைத்த ஒரே நிபந்தனை, பிள்ளைகளின் முகம் தெரியக்கூடாது என்பது. எங்களில் சிலருக்கு அது ஒத்துவரவில்லை. 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த எத்தனையோ கமராக்கள் அழுகிற முகத்தைத்தானே தேடின, அப்படிப் போட்டால்தானே காசு வரும் என்றோம். அக்கா கேட்டார்: "அந்தப் பிள்ளை நாளைக்குக் கம்பஸுக்குப் போகேக்க, கூட்டாளிமார் இந்தப் படத்தைத் தேடி எடுத்தால் என்ன சொல்லுவியள்?" அதோடு பேச்சு முடிந்தது. இப்போது எங்கள் படங்களில் கைகள் தெரியும், கொப்பி தெரியும். வரிசையில் நின்று பொதி வாங்கும் படம் கிடையாது. போன தவணை ஒரு பிள்ளை பின்னக் கணக்கை அழித்து அழித்து எழுதிக் கடதாசி ஓட்டையாகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டோம். "நல்ல அழிறப்பர் வாங்கிக் குடுங்கோ" என்று எத்தனை பேர் எழுதினார்கள்!

கிளிநொச்சியில் கணினி படிப்பிக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. எங்கள் செயலாளர் ஐயா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி, அதைப் படமாக்கித்தான் அறிவித்தல் போடுவார். படத்துக்குள் கிடக்கும் எழுத்து தேடுகிறவர்களுக்கு லேசில் அகப்படாது, பிரதி எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவதும் கஷ்டம் என்று தம்பி பொறுமையாகக் காட்டி, ஐயாவின் போனில் யுனிகோட் விசைப்பலகை போட்டுக் கொடுத்தார். ஐயா இப்போது எங்களைவிட வேகம். குழுவில் விடியமுன்னம் "காலை வணக்கம்" பூ அனுப்புவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

எந்த நேரத்தில் போடுவது என்று பார்த்துச் சொன்னதும் அந்தத் தம்பிதான். நாங்கள் காலையில் போட்டால் கனடாவில் நித்திரை. இரவு 8.30க்குப் போட்டால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முற்பகல் 11 மணி, லண்டனில் பின்னேரம் 4 மணி. இங்கேயும் ஆட்கள் ஆறுதலாகப் போனை எடுக்கும் நேரம்.

சந்தியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் அண்ணை மாதாமாதம் எங்கள் சிட்டைகளை ஸ்கான் பண்ணித் தருகிறார், காசு வாங்குவதில்லை. வரவு செலவோடு அவற்றையும் பக்கத்தில் போடுகிறோம். "விளக்குமாறு ஏன் இரண்டு?" என்று சுவிஸிலிருந்து ஒருவர் கேட்டார். ஒன்று வகுப்புக்கு, மற்றது மலசலகூடத்துக்கு என்று அன்றே பதில் போட்டோம். இப்போது அவரும் மாதம் தவறாமல் அனுப்புகிறார்.

மாதர் சங்கத்து ரீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, "உதவுங்கள்" என்று பொதுவாக எழுத அவர் விடவில்லை. எத்தனை பாய், எத்தனை நுளம்பு வலை, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுத வைத்தார். தேவையானது வந்ததும் "பாய் போதும், இனி அனுப்பவேண்டாம்" என்று அதே பதிவின் தலையில் போட வைத்தார். கேட்பதற்கு எல்லோருக்கும் வரும். போதும் என்று சொல்ல ரீச்சர்தான் வேண்டும். பெற்றோரின் இலக்கங்களைச் சீஆர் கொப்பியில் எழுதி வைத்திருந்ததும் அவரே. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது, வகுப்பு இல்லை என்ற செய்தி அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எஸ்.எம்.எஸ்ஸில் போனது.

சரி, அடுத்த பட்டியல். கொப்பி போதும். கவராயமும் பாகைமானியும் தேவை, மின்விசிறி ஒன்றும். எத்தனை என்பதை வெள்ளிக்கிழமை இரவு, வழக்கமான நேரத்துக்குப் பக்கத்தில் போடுவோம்.

இப்படிக்கு,
படிப்பக நிர்வாகத்தினர்,
விசுவமடு